வாழ்த்து அட்டையின் பின்பக்கம்

சென்ற மாதம், எலெக்ட்ரானிக் சிட்டியில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பெண்கள் சிலர் கூடிப் புகைப்பட வாழ்த்து அட்டை செய்தார்கள். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படங்கள். மடித்தவுடன் மடிப்பில் வெள்ளை வெள்ளையாக வெடித்துவிட்டது. எங்கம்மா பதிமூன்று வருஷம் இதே வேலைதான் பார்த்தார்கள் என்று சொல்லி, மகள் என்னைக் கொண்டுபோய் அவர்கள் நடுவில் உட்காரவைத்தாள். கையில் கிடைத்ததை வைத்துக் காட்டினேன். மடிப்பு ஒழுங்காக வந்தது. கை தட்டினார்கள்.

அப்போது ஒரு பெண் தன் குடும்பப் படத்தின் ஓரத்தில் நின்ற ஒருத்தியைக் காட்டி, "ஆன்ட்டி, இது எங்க அண்ணனோட டைவர்ஸ் ஆன ஒய்ஃப். இவ மட்டும் பின்னாடி போற மாதிரி மடிக்க முடியுமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். முடியும் என்றேன். ஆனால் மடித்துக் கொடுக்கவில்லை. இடுப்பு வலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அது எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். நாற்பது தடவை செய்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நாராயணசாமி சார் வீட்டு மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். சார் மாநில அரசில் நிலப்படம் தயாரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் மைசூர் காலத்து அரசு உத்தியோகம். படம் எடுப்பது சாருக்கு ஆசை. பூ, மரம், மழை பெய்த தெரு என்று எடுத்த படங்களை அட்டையாக்கிக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்து, அது கல்யாணம், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வளர்ந்துவிட்டது. மாடியில் ஒரு நீள மேசை. நானும் இன்னும் இரண்டு பெண்களும். அவர்கள் வெட்டுவதும் ஒட்டுவதும். மடிப்பு என்னுடையது.

கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கெடுத்தேன், திட்டு வாங்கினேன், பிறகு கெடுக்கவில்லை.

எங்கள் அட்டைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. மற்றவர்கள் படத்தை முன்பக்கம் மட்டும் ஒட்டுவார்கள். எங்கள் படம் முன்பக்கத்தில் ஆரம்பித்து, மடிப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரை போகும். கேட்க அழகாக இருக்கும். மடிக்கிறவளுக்குத்தான் கஷ்டம். புகைப்படத் தாளின் மேல்பூச்சு மடித்தால் வெடிக்கும். அதுவும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும்போது கை வைத்தாலே வெடிக்கும். அந்த மாதங்களில் ஈரத் துண்டை ஜன்னலில் தொங்கவிட்டுத்தான் வேலை செய்வோம்.

முதலில் அடி அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்தப் பக்கம்தான் மடிப்பு. படத்தை அதன்மேல் ஒட்டிக் காயவைத்த பிறகு, மடிப்பு வரும் இடத்தில் மெழுகுத்தாளை வைத்து, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மை தீர்ந்த ரீஃபில் முனையால் ஒரே ஒரு கோடு. இரண்டாவது தடவை இழுத்தால் பூச்சு கிழிந்துவிடும். பிறகு, சுடுதண்ணீர் ஊற்றிய பித்தளைச் சொம்பைத் துணியில் சுற்றி அந்தக் கோட்டின்மேல் மெதுவாக உருட்ட வேண்டும். பூச்சு இளகும். அந்தச் சூடு ஆறுவதற்குள், கோடு வெளிப்பக்கம் இருக்கும்படி மடிக்க வேண்டும். உள்பக்கம் மடித்தால் முதுகு பிளந்துவிடும். கடைசியாக எலும்பு. மாட்டெலும்பில் இழைத்த, நாக்கு மாதிரி ஒரு சின்னப் பட்டை. மறுபடி மெழுகுத்தாளை வைத்து நடுவிலிருந்து மேலே ஒரு இழுப்பு, நடுவிலிருந்து கீழே ஒரு இழுப்பு. தாள் வைக்காமல் தேய்த்தால் பளபளவென்று கோடு விழும். அந்தக் கோட்டை எதனாலும் அழிக்க முடியாது.

சார் சத்தம் போட மாட்டார். மடித்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்போடு விளிம்பாகப் பார்ப்பார். சரியாக இருந்தால் "ஆயித்து" என்பார். இல்லையென்றால் "பேடா" என்று சொல்லிக் கவிழ்த்து வைத்துவிடுவார். இந்த இரண்டு கன்னட வார்த்தைகளில் எங்கள் பகல்கள் போயின. அளவுகளை அவர் நூலில்தான் சொல்வார், எட்டு நூல் ஒரு அங்குலம். "அரை நூல் வலது பக்கம் போயிருக்கு, பாரு" என்பார். எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போயிருக்கும். நெகட்டிவ்களை எல்லாம் வருஷ வாரியாக உறையில் போட்டு எண் எழுதி இரும்பு அலமாரியில் வைத்திருந்தார். பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுப்பார். அவரிடம் எனக்கு மரியாதை இருந்தது. அது போலி மரியாதை இல்லை. அதனால்தான் இதை எழுதும்போது இன்னும் கசக்கிறது.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கல்யாணமாகித் தனியாக இருந்தான். மகள் சுமதி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக மாடிக்கு வந்து, "மேரிக்கா, ஒண்ணு குடுங்க, நானும் மடிக்கிறேன்" என்று என் பக்கத்தில் உட்காருவாள். அவள் மடித்ததை எல்லாம் சார் கவிழ்த்து வைப்பார். அவள் சிரிப்பாள். என் மகளுக்குக் கணக்கு வராது. மாடிப் படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது சுமதிதான்.

தொண்ணூற்றேழில் அவள் ஜான்சனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதே கம்பெனியில் இயந்திரங்கள் பழுது பார்க்கிற பையன். எங்கள் லிங்கராஜபுரத்துப் பையன், எங்கள் மாதா கோயில். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள்.

அதற்கு மறுநாள் காலை சார் மாடிக்கு வந்தார். மற்ற இரண்டு பேரையும் கீழே அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க கோயில் பையனாமே. உனக்குத் தெரியுமா மேரி?"

எனக்குத் தெரியும். அந்த வருஷம் கோயில் திருவிழாவில் இரண்டு பேரையும் பார்த்தேன். சுமதியும் என்னைப் பார்த்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லாதே என்று கேட்கவில்லை.

"தெரியாது சார்" என்றேன்.

சார் மேசையில் இருந்த அட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, அப்படியே வைத்துவிட்டுப் போனார். ஆயித்தும் இல்லை, பேடாவும் இல்லை. நம்பவில்லை என்று புரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். முந்தின வருஷம் அதை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த வேலைக்குப் போவார், பாதி நாள் வீட்டில் இருப்பார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். என் வேலை போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்த நிலைமை அது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் சார் தன் குடும்பப் படத்தையே அட்டையாக்கி உறவினர்களுக்கு அனுப்புவார். மைசூர், கோலார், சென்னை என்று நாற்பது வீடுகள். அந்த வருஷம் மட்டும் அனுப்பாமல் இருந்தால் எல்லாரும் கேட்பார்கள். புதிதாகப் படம் எடுக்கலாம் என்றால் ருக்மணி அம்மா வந்து நிற்க மறுத்துவிட்டார். ருக்மணி அம்மா சாரின் மனைவி. அதிகம் பேசாதவர். மாடிக்கு எங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான். மகள் போன பிறகு அந்த ஒரு வார்த்தையும் நின்றுவிட்டது.

டிசம்பர் கடைசியில் சார் ஒரு உறையோடு வந்தார். உள்ளே ஒரே படத்தின் நாற்பது பிரதிகள். அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று வீட்டு வாசலில் எடுத்தது. வலது பக்கம் மகனும் மருமகளும், நடுவில் சார், அவரை ஒட்டி ருக்மணி அம்மா, இடது கோடியில் சுமதி. அம்மாவின் கை மகளின் தோளில் இருந்தது. விரல்கள் நாலும் தோளைச் சுற்றி முன்னால் வந்து விழுந்திருந்தன.

சார் ஒரு பிரதியை என் முன்னால் வைத்து, தன் நகத்தால் ஒரு கோடு காட்டினார். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில்.

"மடிப்பு இங்க வரணும். இவ பின்பக்கம் போயிடணும். பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி மூடிடு."

"வெட்டிடலாமே சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எது சுலபம் என்றுதான் புத்தி போனது.

"வெட்டினா வெட்டுனதுன்னு தெரியும். நம்ம அட்டையில படம் எப்பவும் சுத்திக்கிட்டுத்தான் போகும். யாருக்கும் தோணாது."

"அம்மா கை வருது சார்."

படத்தை எடுத்து ஜன்னலில் பார்த்தார். வேறு எந்த வேலைக்கும் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார். "மணிக்கட்டு முன்னாடி இருக்கட்டும். விரல் பின்னாடி போகட்டும். ஒரு நூல் இந்தப் பக்கம் போனா வளையல் உடைஞ்சு தெரியும். அந்தப் பக்கம் போனா இவ காது தெரியும். பாத்துச் செய்" என்றார். படி இறங்கப் போனவர் நின்றார். "இத நீ மட்டும் செய் மேரி. பின் தாளும் நீயே ஒட்டு."

அப்போது புரிந்தது. வேலைக்காக மட்டும் என்னிடம் கொடுக்கவில்லை. நான் யார் பக்கம் என்று பார்க்கிறார்.

மூன்று பகல் ஆனது. லேபில் அடித்த பிரதிகளில் ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசம் இருக்கும். அதனால் ஓரத்திலிருந்து அளந்து கோடு போட முடியாது. ஒவ்வொரு படத்திலும் ருக்மணி அம்மாவின் வளையலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு நூல் தள்ளி, மேலேயும் கீழேயும் பென்சிலால் புள்ளி வைத்தேன். காய்ந்த டிசம்பர். சொம்பை உருட்டி, சூடு ஆறுவதற்குள் மடித்தேன். சுமதி பின்பக்கம் போனாள். எலும்பை எடுத்து இழுத்தேன். அம்மாவின் கை ஏதோ தூணைப் பிடித்த மாதிரி விளிம்பில் போய் நின்றது. ஒரு படத்திலும் பூச்சு வெடிக்கவில்லை. பதிமூன்று வருஷத்தில் நான் மடித்ததிலேயே சுத்தமான மடிப்பு அந்த நாற்பதுதான்.

பின் தாளை ஒட்ட இரண்டு வழி இருந்தது. மைதாப் பசையை நாலு மூலையில் மட்டும் வைத்தால் தாள் நிற்கும். வேண்டும் என்கிறபோது ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். கீழே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, டப்பாவில் வருகிற வெள்ளைப் பசையை முழுக்கப் பூசுவது. அதை ஒட்டினால் ஒட்டினதுதான். எதைப் போடு என்று சார் சொல்லவில்லை. மூடு என்றுதான் சொன்னார். நான் டப்பாவைத் திறந்தேன். மூலை தூக்கிக்கொண்டால் என்னைத்தானே கேட்பார் என்று நினைத்தேன். சுமதியின் முகத்தின்மேல் தூரிகையால் பசை தடவினேன். நாற்பது தடவை.

சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பதுக்கும் ஆயித்து. கடைசியில் ஒன்றை எடுத்து, "இது உனக்கு" என்று என் கையில் கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் எனக்கு அட்டை கொடுத்ததில்லை. மீதியைத் தபாலில் சேர்த்தார். ஒரு வீட்டுக்குக் குறைந்ததே, அந்த வீட்டுக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ருக்மணி அம்மா மாடிக்கு வந்தார். காபி இல்லை. கையில் ஒரு அட்டை. தபாலில் முகவரி தப்பித் திரும்பி வந்த ஒன்று. அதை என் முன்னால் பின்பக்கமாக வைத்தார்.

"இதப் பிரிக்க முடியுமா?"

"முடியாதும்மா. முழுசா ஒட்டியிருக்கு. பிரிச்சா படம் தாளோட வந்துரும்."

"வேற படம் போட நெகட்டிவ் இல்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. அலமாரியில் எல்லாம் இருக்குமே அம்மா என்றேன். சுமதி இருக்கிற நெகட்டிவ் எல்லாவற்றையும் தேடி எடுத்து, அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து, சார் பின்கட்டில் போட்டுக் கொளுத்திவிட்டாராம். ஆல்பத்தில் இருந்த படங்களையும். இந்தப் படத்தை மட்டும் நாற்பது பிரதி எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கொளுத்தினாராம். சுமதியின் முகம் அந்த வீட்டில் மிஞ்சியிருந்தால் அது நான் ஒட்டின தாளுக்கு அடியில்தான் மிஞ்சியிருந்தது.

"சார் சொன்னாருமா" என்றேன்.

"அவர் சொன்னாரு. கை உன்னோடது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனார். அதற்குப் பிறகு இருந்த காலத்தில் என்னிடம் பேசவில்லை.

இரண்டாயிரத்தில் ருக்மணி அம்மா இறந்துபோனார். மாரடைப்பு, காலையில் சமையலறையில். சுமதிக்கு யாரும் சொல்லவில்லை. நானாவது ஜான்சன் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் அவன் அம்மா வீடு. சார் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் சுமதி நின்றாள். ஜான்சன் அம்மா சொல்லித் தெரிந்து வந்திருக்கிறாள். மெலிந்திருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "அம்மாவோட நான் இருக்கிற படம் ஒண்ணு கூட என்கிட்ட இல்ல மேரிக்கா. வீட்டுல இருந்து போறப்ப எடுத்துட்டுப் போகணும்னு தோணல. உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். என்ன செய்தேன், யார் சொல்லிச் செய்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். திருவிழாவில் அவளைப் பார்த்ததைச் சாரிடம் மறைத்ததையும் சொன்னேன். அதைச் சொன்னபோது என் பக்கம் நல்லது ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரி இருந்தது. அவள் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்து வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிங்க" என்றாள்.

"கெட்டுப் போயிரும் சுமதி."

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?"

இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவி படும்படி அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். ஒரு மூலை இளகியது. தையல் நூலை இரண்டு கையிலும் சுற்றி, தாளுக்கும் படத்துக்கும் நடுவில் விட்டு, மெதுவாக அறுக்கிற மாதிரி இழுத்தேன். தோள் வரைக்கும் நன்றாக வந்தது. புடவையின் பச்சை அப்படியே இருந்தது. அம்மாவின் நாலு விரலும் முழுசாக வெளியே வந்தன. மோதிரம் கூடத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே பசை கெட்டியாக இருந்தது. அங்கேதான் நான் அதிகமாகப் பூசியிருக்கிறேன். நிறுத்தி மறுபடி ஆவி காட்டினேன். நூலை விட்டேன். இழுக்க இழுக்க, படத்தின் பூச்சு தாளோடு உரிந்து வந்துவிட்டது. அவள் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. உரித்த தாளின் பின்புறத்தில், இடம் வலமாக மாறி, திட்டுத் திட்டாக ஒரு கண்ணும் நெற்றியும் பாதி உதடும் ஒட்டிக்கொண்டிருந்தன.

இரண்டையும் மேசையில் வைத்தேன். என் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போய் உள்ளே இரு என்றேன். போகவில்லை.

சுமதி இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா சொன்னாரு, சரி. வேலை போயிடும்னு பயம், அதுவும் சரி. இத மடிக்கிறப்ப உங்களுக்கு என்ன தோணிச்சு மேரிக்கா? என்னைப் பத்தி ஏதாவது தோணிச்சா?"

பொய் சொல்லத்தான் வாய் வந்தது. அவள் என் மகளுக்குப் படியில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். சொல்ல முடியவில்லை.

"மடிப்பு நேரா வரணும்னுதான் தோணிச்சு."

தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். படத்தை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தன் முகம் ஒட்டியிருந்த தாளை எடுக்கவில்லை. "அம்மா கை இருக்கு, போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. ஜான்சனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள் என்று கோயிலில் சொன்னார்கள்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் மேசையைத் துடைக்கும்போது குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போனேன். சார் மாடியில் உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு முதல் மாச நினைவு அட்டை செய்ய வேண்டும் என்றார். வேறு நல்ல படம் இல்லாததால், தபாலில் திரும்பி வந்திருந்த அந்தப் பொங்கல் அட்டையிலிருந்தே அம்மாவை மட்டும் எடுத்துப் பிரதி போட்டிருந்தார். என் முன்னால் வைத்து எங்கே மடிப்பு வர வேண்டும் என்று காட்டினார். சரி சார் என்றேன். சொம்பில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இன்னும் நாலு வருஷம் அங்கேதான் வேலை பார்த்தேன்.